ரெட் ஹாட் விற்றது எதை? எண்டர்பிரைஸ் லினக்ஸ் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

லினக்ஸ் கர்னல் 3.10 வெளியான தேதி 2013 ஜூன் 30. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கான வழக்கமான பராமரிப்பு முடிந்த தேதி 2024 ஜூன் 30. சரியாகப் பதினொரு வருடம். இடைப்பட்ட காலத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 4, 5 எல்லாம் தாண்டி 6.9 வரை போய்விட்டார். ஆனால் ரெல் 7 (பெயர் நீளம், இனி ரெல் என்றே எழுதுகிறேன்) ஓடுகிற சர்வரில் உட்கார்ந்து கர்னல் எண்ணைக் கேட்டால், கடைசி நாளிலும் 3.10.0 என்றுதான் பதில் வரும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் இன்னொரு எண்ணும் இருக்கும். 2014 ஜூனில் 7.0 வந்தபோது அது 3.10.0-123. கடைசித் துணைப்பதிப்பான 7.9-இல் 3.10.0-1160. முன்பாதி கல்லு மாதிரி அப்படியே நின்றது. வேலையெல்லாம் பின்பாதியில் நடந்தது.

"எண்டர்பிரைஸ் லினக்ஸ்ல அப்படி என்னதான் இருக்கு, சும்மா கிடைக்கிற லினக்ஸ் போட்டா ஓடாதா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான். விற்பனைத் தாளில் பெரிய பட்டியல் இருக்கும். எஸ்.இ.லினக்ஸ் பாதுகாப்பு, எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமை, கே.வி.எம். மெய்நிகர் இயந்திரம், சர்வரை நிறுத்தாமலே கர்னலுக்குத் திருத்தம் போடுவது, இப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மற்ற லினக்ஸ்களிலும் கிடைக்கும். ரெட் ஹாட் காசு வாங்குவது இன்னொன்றுக்கு: மாறாமல் இருப்பதற்கு. இந்த மாறாமை எப்படி ஒரு சரக்கு ஆனது, அதை யாரெல்லாம் காசில்லாமல் அனுபவித்தார்கள், பிறகு ஏன் அடிதடி ஆனது என்று கொஞ்ச காலமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ரெட் ஹாட் என்றால் கடையில் வாங்கும் அட்டைப்பெட்டி. உள்ளே சி.டி.யும் கையேடும் இருக்கும். 1994-இல் மார்க் ஈவிங் ஆரம்பித்தது, அடுத்த வருடம் பாப் யங்கின் கம்பெனியோடு சேர்ந்தது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். வீட்டில் கம்ப்யூட்டரை நோண்டுகிறவனுக்கு இது கொண்டாட்டம். ஆனால் அதன் மேல் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓட்ட நினைத்த கம்பெனிக்குத் தலைவலி. ஆரக்கிள் தன் மென்பொருளை ஒரு பதிப்பில் சோதித்துச் சான்றளித்து முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்து நிற்கும். டிரைவர் எழுதும் வன்பொருள் கம்பெனிகளுக்கும் இதே பாடு.

இதில் 2000-இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7.0 ஒரு தனிக்கதை. ஜி.சி.சி. குழு வெளியிடவே இல்லாத ஒரு இடைநிலை கம்பைலரை எடுத்து, அதற்கு 2.96 என்று ஒரு எண்ணும் போட்டு ரெட் ஹாட் அனுப்பிவிட்டது. அப்படி ஒரு பதிப்பை நாங்கள் வெளியிடவே இல்லை என்று ஜி.சி.சி. குழு பகிரங்கமாக அறிக்கை விட வேண்டியதாயிற்று. பின்னாளில் 'நிலைத்தன்மை' என்ற ஒரே சொல்லை வைத்துப் பிழைப்பு நடத்திய கம்பெனியின் பழைய முகம் இது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

திருப்பம் வந்தது 2002 மார்ச்சில். ரெட் ஹாட் லினக்ஸ் அட்வான்ஸ்டு சர்வர் 2.1 என்ற பெயரில் வந்தது. பிற்பாடு ரெல் 2.1 என்று பெயர் மாறியது. அதன் கர்னல் 2.4.9, வந்த அன்றைக்கே பழசு. ஆனால் வாங்கியவர்களுக்கு அது பிடித்திருந்தது. இது வருடக்கணக்கில் இப்படியே இருக்கும், ஓட்டைகளை மட்டும் நாங்கள் அடைத்துத் தருவோம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆரக்கிளும் பெரிய சர்வர் கம்பெனிகளும் சான்றளிக்க ஒரு நிலையான தளம் கிடைத்தது.

அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். 2003 மார்ச்சில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9 தான் அந்த வரிசையில் கடைசி. 2004 ஏப்ரல் 30-உடன் அதற்கும் ஆதரவு நின்றது. இத்தனை வருடமாகப் பெட்டி வாங்கியும் நண்பனிடம் சி.டி. நகல் எடுத்தும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இரண்டு வழி: சந்தா கட்டி ரெல்லுக்குப் போ, அல்லது ஃபெடோராவுக்குப் போ. ஃபெடோரா இலவசம், வேகமாக மாறும், கொஞ்ச நாளில் காலாவதியும் ஆகும்.

ஃபெடோராவின் வேலை என்ன என்பதை எஸ்.இ.லினக்ஸின் கதை நன்றாகக் காட்டும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. எழுதி, 2000 டிசம்பரில் பொதுவில் வெளியிட்ட பாதுகாப்பு முறை இது. ஒரு நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடினாலும், அதற்கென்று எழுதி வைத்த கொள்கைக்கு வெளியே ஒரு கோப்பைக்கூடத் தொட முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் ஃபெடோரா கோர் 2-இல் எல்லாவற்றையும் கட்டிப்போடும் கடுமையான கொள்கையோடு கொண்டுவந்தபோது அன்றாட வேலையே சிக்கலானது. கடைசியில் அதை அணைத்த நிலையிலேயே வெளியிட்டார்கள். ஃபெடோரா கோர் 3-இல், நெட்வொர்க்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சில சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் கொள்கையாகச் சுருக்கி, இயங்கும் நிலையில் விட்டார்கள். அது தாக்குப்பிடித்த பிறகு, 2005 பிப்ரவரியில் ரெல் 4-க்குள் போனது. ஆக, ரெல் 4 வாங்கிய வங்கி அனுபவித்த அமைதி, அதற்கு முந்தைய வருடம் ஃபெடோராக்காரர்கள் பட்ட அவஸ்தையிலிருந்து வந்தது. (அப்புறமும் என்ன, இணையத்தில் பாதி வழிகாட்டிகள் முதல் படியாக எஸ்.இ.லினக்ஸை அணைக்கத்தான் சொல்லும். இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.)

மாறாமை என்றால் சும்மா இருப்பது இல்லை. அதன் தொழில்நுட்பப் பெயர் பேக்போர்ட். புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்புக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டித் தைப்பது. பழைய சட்டைக்கு அதே நூலில் ஒட்டுப்போடுவது மாதிரி. 2003 அக்டோபரில் வந்த ரெல் 3-இன் கர்னல் பெயருக்கு 2.4.21. ஆனால் 2.6-க்காக எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய திரெட் நூலகத்துக்கான ஆதரவு அதில் இருந்தது. 2.6.0 வெளியானதே அந்த டிசம்பரில்தான்! எண் பழசு, உள்ளே சில உறுப்புகள் புதுசு. இதோடு, கர்னலின் குறிப்பிட்ட சில உள் இடைமுகங்களை ஒரு பெரும்பதிப்பின் ஆயுள் முழுக்க மாற்றமாட்டோம் என்ற வாக்கும் சேர்ந்தது. 7.0-க்கு எழுதிய டிரைவர் அந்த இடைமுகங்களோடு நின்றுகொண்டால் 7.9-இலும் ஏறும். டோர்வால்ட்ஸின் கர்னல் இப்படி ஒரு வாக்கைத் தருவதே இல்லை, உள்ளே எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பதுதான் அங்கே கொள்கை.

இந்த ஒட்டுப்போடும் முறையின் நன்மையும் குழப்பமும் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது 2014 ஏப்ரலில், ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியான போது. ஓபன் எஸ்.எஸ்.எல்.லின் 1.0.1 வரிசையில் இருந்த ஓட்டை அது. சர்வரின் நினைவகத்திலிருந்து துண்டு துண்டாக உருவிக்கொள்ளலாம். ரெல் 5-இல் இருந்தது 0.9.8 வரிசை. அந்த ஓட்டை அதில் இல்லவே இல்லை, பழமையே காப்பாற்றியது. ரெல் 6-இல் 6.4 வரை 1.0.0, அதுவும் தப்பித்தது. 6.5-இல்தான் 1.0.1இ-க்கு மாற்றியிருந்தார்கள், அங்கே மாட்டிக்கொண்டது. மூலத் திட்டம் ஓட்டையை அடைத்து 1.0.1ஜி வெளியிட்டது. ரெட் ஹாட் 1.0.1ஜி-க்குப் போகவில்லை. 1.0.1இ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னொட்டு எண்ணை மட்டும் உயர்த்தித் திருத்தத்தை அனுப்பியது.

விளைவு? பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதும் ஸ்கேனர்கள் எல்லாம், அடைத்த சர்வரையும் ஓட்டை என்று அலறின. அப்போது நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்த தணிக்கைக்காரர் "இ என்று இருக்கிறது, ஜி இல்லையே" என்பதிலேயே நின்றார். பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து, திருத்தத்தின் பதிவெண்ணைக் காட்டி, அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. இந்தத் துறையில் இருக்கும் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

இனி உரிமத்துக்கு வருவோம். கர்னலும் இன்னும் பல முக்கியமான பகுதிகளும் ஜி.பி.எல். உரிமத்தில் இருப்பவை. நிரலை யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் கொடு, அவர் அதை மறுபடி பகிர்வதைத் தடுக்காதே என்பது அதன் சாரம். ஊருக்கே கொடு என்று அது சொல்லவில்லை. ஆனால் ரெட் ஹாட் ஊருக்கே கொடுத்தது: மூலப் பேக்கேஜ்கள் எல்லாம் பொதுத் தளத்தில், யாரும் எடுக்கலாம். கட்டியது வேண்டுமானால் காசு, கட்டுவதற்கான செங்கல் இலவசம்.

செங்கலை எடுத்துக் கட்டிய முதல் ஆட்களில் ஒரு பொது நூலகம் இருந்தது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல். லூசியானா மாநிலத்தின் பியூரகார்டு பாரிஷ் பொது நூலகம். தங்களுடைய கம்ப்யூட்டர்களுக்குச் சந்தா கட்டிக் கட்டுப்படியாகாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கவும் ஆளில்லை. அதனால் ரெல் 3-இன் மூலத்தை எடுத்து, வணிகச்சின்னங்களை நீக்கி, மறுபடி தொகுத்து, 'ஒயிட் பாக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2004-இல் சென்ட்ஓஎஸ் வந்தது. அதே வருடம் ஃபெர்மிலேப், செர்ன் ஆய்வுக்கூடங்களின் சயின்டிஃபிக் லினக்ஸும் வந்தது. நூலகமும் துகள் இயற்பியல் கூடமும் ஒரே காரணத்துக்காக ஒரே வேலையைச் செய்தன. இரண்டுக்கும் தேவைப்பட்டது புதுமை இல்லை, நாட்கள்.

இவற்றில் நின்று வளர்ந்தது சென்ட்ஓஎஸ். ரெல்லின் பிழைகளைக்கூட அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் லட்சியம். 2005-இல் வணிகச்சின்னம் தொடர்பாக ரெட் ஹாட் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. அதன் பிறகு தளத்தில் ரெட் ஹாட் பெயரையே சொல்லாமல், 'வட அமெரிக்காவின் பிரபல எண்டர்பிரைஸ் லினக்ஸ் விற்பனையாளர்' என்கிற மாதிரிச் சுற்றிவளைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிகள் மாதிரி.

ஹோஸ்டிங் கம்பெனிகள், கல்லூரி ஆய்வகங்கள், சிறு நிறுவனங்கள் எல்லாம் அதன் மேல் ஏறின. நான் லினக்ஸ் நிர்வாகம் பழகியதும் சென்ட்ஓஎஸ் 5-இல்தான். அதில் பழகியவர்கள் பெரிய கம்பெனிக்குப் போய் ரெல் வாங்கச் சொன்னார்கள். அந்த வகையில் இது ரெட் ஹாட்டுக்கே இலவசப் பயிற்சிக்கூடம். எத்தனை பேர் அப்படி வாங்க வைத்தார்கள், எத்தனை பேர் வாங்காமலே காலத்தை ஓட்டினார்கள் என்று இரண்டு கட்சியும் இன்றுவரை சண்டை போடுகின்றன. எனக்கு இரண்டிலும் பாதி உண்மை இருப்பதாகவே படுகிறது.

ஆனால் அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம் எவ்வளவு மெலிசு என்பதை 2009 ஜூலை காட்டியது. நிறுவியவர்களில் ஒருவரைக் காணவில்லை. தளத்தின் பெயர்ப் பதிவும் நன்கொடைக் கணக்கும் அவர் கையில். மற்ற டெவலப்பர்கள் முகப்புப் பக்கத்திலேயே அவருக்குப் பகிரங்கக் கடிதம் போட்டார்கள். சில நாட்களில் தீர்ந்துவிட்டது. அடுத்தது 2010 நவம்பர், ரெல் 6 வந்தது. அதற்கு இணையான சென்ட்ஓஎஸ் 6 வர 2011 ஜூலை ஆகிவிட்டது. எட்டு மாதம். அத்தனையும் சொந்த நேரத்தில் ஒரு சிலர் செய்த வேலை. எதை எந்த வரிசையில், எந்தச் சூழலில் தொகுத்தால் ரெல்லோடு அச்சாகப் பொருந்தும் என்பது மூலநிரலோடு எழுதி வருவதில்லை. தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கிடையில் 2006-இல் ஆரக்கிள் உள்ளே நுழைந்திருந்தது. அதே மூலத்தை எடுத்து, தன் பெயர் போட்டு, குறைந்த விலையில் ஆதரவு விற்க ஆரம்பித்தது. நூலகம் எடுத்தபோது கண்டுகொள்ளாத ரெட் ஹாட், இப்போது உஷாரானது. ரெல் 6-லிருந்து கர்னல் மூலத்தைத் தனித்தனி ஒட்டுகளாகத் தராமல், எல்லாவற்றையும் பூசிச் சேர்த்து ஒரே கட்டியாகத் தந்தார்கள். உரிமப்படி தவறில்லை. ஆனால் எந்தத் திருத்தம் எதற்காக என்று வெளியாள் படிப்பது கடினமானது. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இதுதான் என்பது என் கருத்து.

2014 ஜனவரியில் ரெட் ஹாட் சென்ட்ஓஎஸ் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முக்கிய ஆட்களுக்குச் சம்பளம், சர்வர் வசதி, வக்கீல் தொல்லை இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். 2019 ஜூலையில் ஐ.பி.எம். 3400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட்டை வாங்கி முடித்தது. அந்த வருடமே ஃபெர்மிலேப், சயின்டிஃபிக் லினக்ஸுக்கு 8 வராது, இனி சென்ட்ஓஎஸ்தான் என்று அறிவித்திருந்தது. செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது. ஆயுள் 2029 மே வரை என்று போட்டிருந்ததால் ஆயிரம் வேலைகளுக்கு நடுவே ஆட்கள் நம்பி மாறினார்கள்.

2020 டிசம்பர் 8 அன்று அந்தத் தேதி 2021 டிசம்பர் 31 ஆனது.

ஏழு வருடத்துக்கு மேல் ஒரே அறிவிப்பில் போய்விட்டது. பதிலுக்கு சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்றார்கள். பாசனக் கணக்கில் சொன்னால், அதுவரை ஃபெடோரா தலைமடை, ரெல் நடு, சென்ட்ஓஎஸ் கடைமடை. ரெல் வயலில் தெளிந்த தண்ணீர்தான் சென்ட்ஓஎஸுக்கு வரும். இப்போது சென்ட்ஓஎஸை ரெல்லுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். அடுத்த துணைப்பதிப்புக்குப் போகப்போகிற மாற்றங்கள் முதலில் அங்கே ஓடும். ஸ்ட்ரீம் மோசமான பொருள் இல்லை, பெரிய நிறுவனங்கள் சில அதையே ஓட்டுகின்றன. ஆனால் கடைமடையில் இருந்தவன் கேட்டது தெளிந்த தண்ணீரை. 2021 தொடக்கத்தில் 16 சர்வர் வரை ரெல் இலவசம் என்று ரெட் ஹாட் ஒரு சமாதானம் சொன்னது. சின்ன இடங்களுக்கு அது நியாயமான உதவிதான். ஆனாலும் தேதியை ஒருமுறை மாற்றியவர் கையிலிருந்து வாங்கப் பலருக்கு மனசு வரவில்லை.

ஜி.பி.எல். இங்கே ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. உன்னிடம் இருக்கும் நிரலை யாரும் பிடுங்க முடியாது என்று அது சொல்லும். நாளை வரப்போகிற திருத்தத்தை உனக்குத் தந்தே ஆக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தாது. 2029 என்ற தேதிக்கு யாரும் காசு வாங்கவில்லை, ஒப்பந்தமும் இல்லை. அதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சென்ட்ஓஎஸ் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்சர் உடனே ராக்கி லினக்ஸை அறிவித்தார். மறைந்துபோன சென்ட்ஓஎஸ் சகநிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக அந்தப் பெயர். கிளவுட்லினக்ஸ் கம்பெனி ஆரம்பித்த அல்மாலினக்ஸ் 2021 மார்ச் கடைசியில் வந்தது, ராக்கி அந்த ஜூனில். பழைய ஆட்டம் புதுப் பெயர்களில் தொடர்ந்தது, இரண்டு வருடத்துக்கு.

2023 ஜூன் 21 அன்று ரெட் ஹாட் செங்கல் சூளையின் கதவைச் சாத்தியது. இனி ரெல் தொடர்பான மூலம் பொதுவில் வருவது சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் வழியாக மட்டும். ரெல்லின் சரியான மூலம் வேண்டுமானால் சந்தாதாரராக இரு. சந்தாதாரர் அதை வெளியே பகிர்ந்தால்? உரிமம் பகிர அனுமதிக்கிறது. ஆனால் சந்தா ஒப்பந்தத்தின்படி உறவை முறித்துக்கொள்ள ரெட் ஹாட்டுக்கு இடம் இருக்கிறது. உரிமத்தின் எழுத்தை மீறவில்லை என்பவர்களும், அதன் உயிரை எடுத்துவிட்டார்கள் என்பவர்களும் மோதிக்கொண்டார்கள். எதையும் மாற்றாமல், எதையும் சேர்க்காமல் அப்படியே மறுபடி தொகுத்து விற்பது கட்டற்ற மென்பொருள் கம்பெனிகளுக்கே ஆபத்து என்பது ரெட் ஹாட் தரப்பு வாதம். ஒட்டுப்போடும் வேலைக்கு நிஜமான ஆட்களும் நிஜமான சம்பளமும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது; அந்த ஆட்கள் தங்கள் திருத்தங்களை மூலத் திட்டங்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் ரெட் ஹாட் தொகுக்கும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் வெளியாட்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. சூசே ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டு ரெல்லிலிருந்து ஒரு கிளை பிரிப்போம் என்றது. ஆகஸ்டில் சூசே, ஆரக்கிள், ராக்கியின் பின்னால் இருக்கும் சி.ஐ.க்யூ. மூன்றும் சேர்ந்து ஓப்பன் எலா என்று ஒரு கூட்டமைப்பு அமைத்து, மூலத்தைப் பொதுவில் வைக்கும் வேலையைக் கையிலெடுத்தன. மூலநிரலின் காவலராக ஆரக்கிள்! 2006-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அல்மா வேறு வழி எடுத்தது. பிழைக்குப் பிழை அச்சாக இருக்கும் லட்சியத்தை 2023 ஜூலையில் கைவிட்டு, ரெல்லில் ஓடும் மென்பொருள் இங்கேயும் ஓட வேண்டும், அது போதும் என்றது. அச்சு மாறாமல் நகலெடுக்க வேண்டிய கட்டாயம் போனதும், அதுவரை செய்ய முடியாததைச் செய்ய இடம் கிடைத்தது. ரெட் ஹாட் கைவிட்ட சில பழைய வன்பொருள்களுக்கான ஆதரவை 9.4-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 மேயில் வந்த ரெல் 10, எக்ஸ்86 பிராசஸர்களில் மூன்றாம் நிலைக்குக் கீழே இருப்பவற்றை ஏற்காது. இன்டெல் கணக்கில் 2013-இல் வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தைய சர்வர்கள் எல்லாம் வெளியே. அல்மா 10 அந்த மூன்றாம் நிலைக்கு ஒரு பதிப்பும், பழைய இயந்திரங்களுக்காக இரண்டாம் நிலைக்குத் தனியாக இன்னொரு பதிப்பும் தொகுத்துத் தருகிறது. ரெல்லில் ஏறாத பழைய சர்வர்கள் அதில் ஏறுகின்றன.